ஆர்ஓ-வுக்கு முன்னால் எங்கே தப்பு? சாயக்கழிவுநீர் முன்சுத்திகரிப்பில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இது திருப்பூர் சாயக்கழிவுநீர் நிலையங்களின் அமைப்பை மனதில் வைத்து எழுதியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சொட்டுக் கழிவும் நொய்யல் ஆற்றுக்குப் போகாமல் நீரையும் உப்பையும் திரும்ப எடுத்தால்தான் பட்டறை ஓடும் என்று ஆகிவிட்டது. நீரை அப்படித் திரும்ப எடுப்பது ஆர்ஓ, அதாவது அழுத்தம் கொடுத்து மெம்பிரேன் (நுண்சவ்வு) வழியே நீரைத் தள்ளி உப்பைப் பிரிக்கும் எதிர்ச்சவ்வூடு பரவல். அது நின்றால் சாயத் தொட்டியும் நிற்கும்.

வரிசை பொதுவாக இப்படி இருக்கும்: சல்லடை, சமன் தொட்டி (வரும் கழிவுநீர் கலந்து சமனாகும் இடம்), ஏரேஷன் தொட்டி (காற்று ஊதி நுண்ணுயிரிகளால் கரிமத்தைச் சிதைக்கும் இடம்), செகண்டரி கிளாரிஃபையர் (அந்தச் சேறு படியும் தொட்டி), நிறநீக்கம், மணல் வடிகட்டி, யுஎஃப் (அல்ட்ராஃபில்ட்ரேஷன், நுண்துளை இழை வடிகட்டி), சாஃப்ட்னர் (கடினத்தன்மை நீக்கி), கார்ட்ரிட்ஜ் (ஆர்ஓ-வுக்கு முந்தைய கடைசி வடிகட்டி), ஆர்ஓ. சில இடங்களில் சாஃப்ட்னர் முன்னே வரும், சில இடங்களில் நிறநீக்கம் உயிரியல் பகுதிக்கு முன்னாலேயே நடக்கும். உள்ளே வரும் நீர் சூடாக, காரமாக, கரைந்த உப்பு லிட்டருக்கு 5000 முதல் 8000 மி.கி. வரையில், சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை, கரிம அழுக்கின் அளவு) 1000-ஐ ஒட்டி இருக்கும்.

அடைப்பு தெரிவது மெம்பிரேனில்தான். ஆனால் அது உருவாவது அதற்கு முந்தைய கட்டங்களில். அங்கேயும் பட்டறை அனுப்பியதைவிட, அதைச் சரிசெய்ய நாம் ஊற்றிய ரசாயனமே காரணமாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான்: கடந்த 10 நாளில் எந்த டோஸை மாற்றினீர்கள், எந்த டிரம் புதிதாக உடைத்தீர்கள்?

தொடங்கும் முன்: இது உண்மையான பிழையா?

நீரின் வெப்பம் 1 டிகிரி குறைந்தால் அதே அழுத்தத்தில் மெம்பிரேன் வழியே வரும் நீர் ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். பிற்பகலில் 36 டிகிரியில் மணிக்கு 50 கன மீட்டர் தந்த ஆர்ஓ, மார்கழி விடியலில் 29 டிகிரியில் 40-ஐ ஒட்டித்தான் தரும். அது அடைப்பு அல்ல. அதற்காக கெமிக்கல் கிளீனிங் போட்டால் மெம்பிரேனின் ஆயுள்தான் குறையும். சித்திரை வெயிலில் இதே கணக்கு தலைகீழாக வேலை செய்யும்: அடைப்பு ஏறிக்கொண்டே இருந்தாலும் சூடு அதை மறைத்துவிடும். லாக் புக்கில் அழுத்தத்துக்குப் பக்கத்தில் வெப்பமும் எழுதப்படாவிட்டால் அந்தப் பக்கத்தை நம்ப வேண்டாம்.

அழுத்த வேறுபாட்டை இரண்டு தனித்தனி கேஜில் படித்துக் கழிக்காதீர்கள். 0.3 பார் வேறுபாட்டைத் தேடும்போது இரண்டு கேஜின் பிழையே அதைவிடப் பெரிதாக இருக்கும். ஒரே கேஜை வால்வு மாற்றி இரு பக்கமும் படியுங்கள்.

பிறகு சமன் தொட்டியிலிருந்து ஆர்ஓ முகப்பு வரை ஒவ்வொரு கட்ட வெளியேற்றத்திலும் ஒரு பாட்டில் எடுத்து வரிசையாக மேசையில் வையுங்கள். கலங்கல், பிஎச், இரும்பு, கடினத்தன்மை, மொத்தக் குளோரின் ஆகிய ஐந்தையும் எல்லா பாட்டிலிலும் அளங்கள். எந்த இரண்டு பாட்டிலுக்கு நடுவில் எண் தப்பான பக்கம் போகிறதோ அங்கேதான் வேலை. மாலைக்குள் முடிந்துவிடும் இந்த வேலையைச் செய்யாமல் மெம்பிரேன் கம்பெனிக்கு போன் போடுவதால் பயனில்லை.

அறிகுறி 1: யுஎஃப் அழுத்த வேறுபாடு வேகமாக ஏறுகிறது

எதைக் கழுவினால் இறங்குகிறது என்பதுதான் இங்கே துப்பு.

சாதாரண பேக்வாஷ் (நீரைப் பின்னோக்கிப் பாய்ச்சும் கழுவல்) போட்டவுடன் பழைய நிலைக்கு இறங்கி, அடுத்த சுற்றிலேயே மீண்டும் ஏறுகிறதா? உள்ளே வரும் திடப்பொருள் அதிகம். கிளாரிஃபையரையும் மணல் வடிகட்டியையும் பாருங்கள். அதுவரை வடிகட்டும் சுற்றை 45 நிமிடத்திலிருந்து 25 அல்லது 30 ஆகக் குறைத்து ஓட்டலாம்.

பேக்வாஷுக்கு அசையாமல், ஹைப்போவும் (சோடியம் ஹைப்போகுளோரைட்) காஸ்டிக் சோடாவும் சேர்த்து ஊறவைத்த கழுவலுக்கு இறங்குகிறதா? உயிர்ச்சளி அல்லது கரிமப் பொருள். ஹைப்போ 200 பிபிஎம், பிஎச் 12-க்குள், 15 நிமிட ஊறல் என்று தொடங்குங்கள். மேல் வரம்பு உங்கள் மாட்யூல் (யுஎஃப் இழைக் குழாய்) தயாரிப்பாளர் கொடுத்ததுதான்.

அமிலத்துக்கு மட்டும் இறங்குகிறதா? இரும்பு, அலுமினியம், அல்லது கால்சியம் கார்பனேட். கழுவி வெளிவரும் அமிலம் தேநீர் நிறத்தில் இருந்தால் இரும்பு. அறிகுறி 4-க்குப் போங்கள்.

எதற்கும் இறங்கவில்லையா? சிலிகான், எண்ணெய், அல்லது மிகையான பாலிமர். இந்த மூன்றையும் யுஎஃப்-இல் வைத்துக் கழுவி வெல்ல முடியாது, மூலத்தில் நிறுத்த வேண்டும்.

ஹைப்போ கழுவலும் அமிலக் கழுவலும் ஒரே குழாயில், ஒரே தொட்டியில் அடுத்தடுத்து வந்தால் குளோரின் வாயு கிளம்பும். நடுவில் வெறும் நீரால் கழுவி, வெளிவரும் நீரின் பிஎச் 7-ஐ ஒட்டி வந்ததைத் தாள் வைத்துப் பார்த்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும்.

உள்ளிருந்து வெளியே பாயும் இழை மாட்யூலாக இருந்தால் ஒருமுறை முனை மூடியைக் கழற்றிப் பாருங்கள். பின்னலாடைத் துணியின் பஞ்சு இழைகள் முடி போலத் திரிந்து துளை வாயில்களில் அடைத்திருக்கும். ரசாயனக் கழுவலுக்கு இது மசியாது. யுஎஃப் முன்னால் உள்ள ஸ்ட்ரெய்னர் வலை கிழிந்திருக்கும், அல்லது யாராவது அதன் பைபாஸைத் திறந்து மறந்திருப்பார்கள். சமன் தொட்டிக்கு முன் உள்ள சல்லடையின் ஓர ரப்பரையும் பாருங்கள். வலை நன்றாக இருக்கும், பஞ்சு ஓரத்தால் போய்க்கொண்டிருக்கும்.

யுஎஃப் வெளிநீரின் கலங்கல் 0.1 என்டியு-வை (கலங்கலின் அலகு) தாண்டினால் இழை அறுந்திருக்கலாம். காற்றழுத்தத்தில் நிறுத்தி, அழுத்தம் இறங்கும் வேகத்தைப் பார்க்கும் சோதனை செய்து, குமிழி வரும் இழையை முள் வைத்து அடையுங்கள்.

அறிகுறி 2: கிளாரிஃபையர் தெளிவாக இல்லை

ஏரேஷன் தொட்டி நீரை 1 லிட்டர் உருளையில் ஊற்றி 30 நிமிடம் விடுங்கள். படிந்த சேற்றின் மி.லி. அளவை 1000-ஆல் பெருக்கி எம்எல்எஸ்எஸ்-ஆல் (தொட்டி நீரில் மிதக்கும் திடப்பொருள், லிட்டருக்கு மி.கி.) வகுத்தால் எஸ்விஐ, அதாவது சேறு படியும் தன்மையின் குறியீடு. 80 முதல் 120 வரை நல்லது. 150-ஐத் தாண்டினால் கவலை.

சேறு மெதுவாக, பஞ்சுப்பொதி போல உயர்ந்தே நிற்கிறது, மேலே உள்ள நீர் மட்டும் தெளிவு: இது நூல்வகைப் பாக்டீரியா. கரைந்த ஆக்சிஜன் 2 மி.கி.-க்குக் கீழே போயிருக்கும், அல்லது நைட்ரஜனும் பாஸ்பரஸும் போதாது. சாயக்கழிவில் கரிமம் நிறைய, சத்து குறைவு. பிஓடி (உயிரிகள் சிதைக்கக்கூடிய கரிமத்தின் அளவு) 100-க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்பது பொதுக் கணக்கு. நாளுக்கு 1000 கன மீட்டர், பிஓடி 300 என்றால் பிஓடி சுமை 300 கிலோ, வேண்டிய நைட்ரஜன் 15 கிலோ, பாஸ்பரஸ் 3 கிலோ. டிஏபி உரம் 15 கிலோ போட்டால் பாஸ்பரஸ் முடிந்தது, கூடவே 2.7 கிலோ நைட்ரஜனும் வந்துவிடும். மீதிக்கு யூரியா 27 கிலோ. நீண்ட நேரம் ஏரேஷன் செய்யும் நிலையங்களில் சேறு பழையதாக இருப்பதால் இவ்வளவு தேவைப்படாது. பாதியில் தொடங்கி, கிளாரிஃபையர் வெளிநீரில் அம்மோனியா 1, பாஸ்பேட் 0.5 மி.கி.-ஐ ஒட்டி நிற்குமாறு சரிசெய்யுங்கள்.

மிகையாகப் போட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: மிகையான பாஸ்பேட் ஆர்ஓ-வில் உயிர்ச்சளிக்குத் தீனி, கடைசி ஸ்டேஜில் கால்சியம் பாஸ்பேட் படிவு. மிகையான அம்மோனியா என்ன செய்யும் என்பது அறிகுறி 8-இல் வருகிறது.

சேறு நன்றாகப் படிந்து, ஒரு மணி நேரம் கழித்துக் கட்டி கட்டியாக மேலே எழும்புகிறது: கம்பியால் கலக்கினால் குமிழி விட்டு மறுபடி படியும். கிளாரிஃபையர் அடியில் நைட்ரேட்டிலிருந்து நைட்ரஜன் வாயு வருகிறது. திரும்ப அனுப்பும் சேற்றின் ஓட்டத்தைக் கூட்டி, அடியில் தங்கும் நேரத்தைக் குறையுங்கள். யூரியாவையும் குறையுங்கள்.

சேறு படிகிறது, ஆனால் மேலே உள்ள நீர் பால் போலக் கலங்கல்: திடீர் அதிர்ச்சி. பிளீச்சிங் தொட்டி ஒரேயடியாகத் திறந்துவிடப்பட்டிருக்கும், அல்லது நீர் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். அந்த வெப்பத்தில் உயிரிகள் சிதறும். குளிர்விப்பான் விசிறி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, சமன் தொட்டியின் மட்டத்தைப் பாருங்கள். தொட்டியைக் கால்வாசி மட்டத்தில் வைத்து ஓட்டினால் அது சமன் தொட்டி அல்ல, வெறும் பம்ப் குழி.

பிளீச்சிங்கிலிருந்து பெராக்சைடு வரும் நாளில் சிஓடி எண்ணும் பொய் சொல்லும். டைக்ரோமேட் அதையும் ஆக்சிஜனேற்றிக் கணக்கில் சேர்த்துவிடும். பெராக்சைடு சோதனைத் தாள் ஒன்றை ஆய்வகத்தில் வைத்திருங்கள்.

நுரை பற்றி ஒரே ஒரு விஷயம், ஆனால் இந்தப் பக்கத்திலேயே விலையுயர்ந்தது: ஏரேஷன் தொட்டியில் சிலிகான் நுரையடக்கி ஊற்றாதீர்கள். நுரை ஐந்து நிமிடத்தில் அடங்கும், சிலிகான் யுஎஃப் இழையில் போய் ஒட்டும், அங்கிருந்து எந்தக் கழுவலிலும் வராது. நீர்த் தெளிப்பான் போட்டு நுரையை அடியுங்கள். பட்டறையில் துணிக்குப் போடும் சிலிகான் மென்மையூட்டியும் இதே வேலையைத்தான் செய்யும். மென்மையூட்டித் தொட்டியின் மீதியைச் சாக்கடையில் திறக்காமல் தனி டிரம்மில் பிடிக்கச் சொல்லுங்கள். அளவு சிறியது, கெடுதல் பெரியது.

அறிகுறி 3: நிறம் போகவில்லை, அல்லது நிறம் போனது ஆனால் அதன் பிறகு எல்லாம் அடைக்கிறது

ரியாக்டிவ் சாயம் ஏரேஷன் தொட்டியில் பெரிதாக உடையாது. அதனால் நிறநீக்கி ஊற்றுகிறோம். சந்தையில் உள்ள திரவ நிறநீக்கிகளில் பெரும்பாலானவை நேர்மின் பாலிமர். சாயம் எதிர்மின், அதனால் பிடிக்கிறது. மெம்பிரேன் பரப்பும் எதிர்மின். சாயம் தீர்ந்த பிறகு மீதமுள்ள நிறநீக்கிக்கு ஒட்ட வேறு இடம் என்ன இருக்கிறது?

ஜார் டெஸ்டில் (பீக்கர்களில் வெவ்வேறு டோஸ் ஊற்றிப் பார்க்கும் சோதனை) பெரும்பாலோர் செய்யும் தவறு, நிறத்தை மட்டும் பார்த்து டோஸ் முடிவு செய்வது. இப்படிச் செய்யுங்கள்:

1. நிறநீக்கியை 1 சதவீதக் கரைசலாக்குங்கள். அதில் 1 மி.லி., ஒரு லிட்டர் நீரில் 10 மி.கி.
2. ஆறு பீக்கரில் தலா 1 லிட்டர் எடுத்து 5, 10, 15, 20, 25, 30 மி.லி. ஊற்றுங்கள்.
3. நிமிடத்துக்கு 100 சுற்றில் 2 நிமிடம், 30 சுற்றில் 15 நிமிடம், பிறகு 30 நிமிடம் அசையாமல்.
4. மேலுள்ள நீரின் நிறம், கலங்கல் இரண்டையும் எழுதுங்கள்.
5. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே அளவு நீரை 0.45 மைக்ரான் தாளில் ஒரே உறிஞ்சு அழுத்தத்தில் வடிகட்டி, எத்தனை விநாடி ஆகிறது என்று குறியுங்கள்.

ஐந்தாவது படிதான் முக்கியம். டோஸ் கூடக்கூட வடியும் நேரம் முதலில் குறையும், ஒரு கட்டத்துக்கு மேல் மறுபடி ஏறும். நீர் பார்க்கப் பளிங்கு போல இருக்கும், தாளில் மட்டும் வழவழப்பு. ஏறத் தொடங்கும் முன் உள்ள டோஸ்தான் உங்கள் மேல் எல்லை. அந்த எல்லையில் கொஞ்சம் இளநிறம் மிஞ்சுகிறதா, மிஞ்சட்டும். ஆர்ஓ அதை எளிதாக நிறுத்திவிடும். நிறத்தை ஆர்ஓ-வுக்கு விடுவது பாலிமரை விடுவதைவிட எவ்வளவோ மேல்.

இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை செய்தால் போதாது. பட்டறைகள் கருப்பு, நேவி ஓட்டும் வாரத்தில் டோஸ் ஏறும், வெளிர் நிறத்துக்கு மாறும்போது யாரும் டோஸிங் பம்பைக் குறைப்பதில்லை. அடைப்பு கருப்பு வாரத்தில் வராமல் அதற்கடுத்த வாரம் வருவதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு சோதனை: ஆர்ஓ முகப்பு நீர் ஒரு கண்ணாடி பீக்கரில், அதில் ஆன்டிஸ்கேலன்ட் (படிவுத் தடுப்பான்) வழக்கமான டோஸைப் போலப் பத்து மடங்கு. கருப்புத் தாளுக்கு முன்னால் வைத்து அரை மணி நேரம் பாருங்கள். புகை போலக் கலங்கினால் எதிர்மின் ஆன்டிஸ்கேலன்ட்டும் நேர்மின் பாலிமரும் சேர்ந்து திரிகின்றன. இந்தப் பசை கார்ட்ரிட்ஜையும் முதல் மெம்பிரேனையும் ஒருசேர மூடும்.

அறிகுறி 4: பழுப்புப் படிவு, அல்லது பிஎச் குறைத்த பிறகு வரும் வெண்சளி

பெரஸ் சல்பேட்டும் சுண்ணாம்பும் போடும் நிலையங்களில் பழுப்பு என்றால் இரும்பு. பெரஸ் இரும்பு முழுதும் படிய பிஎச் 8.5-க்கு மேல் வேண்டும். சுண்ணாம்புப் பால் குழாய் பாதி அடைத்து பிஎச் 7.5-இல் ஓடினால் இரும்பு கரைந்த நிலையிலேயே மணலையும் யுஎஃப்-ஐயும் கடந்து போகும். அங்கே ஹைப்போவோ காற்றோ பட்டவுடன் துருவாக மாறும். யுஎஃப் வெளிநீர் தெளிவாக இருந்து, ஒரு மணி நேரம் திறந்து வைத்த பாட்டில் மஞ்சளாக மாறினால் இதுதான். ஆர்ஓ முகப்பில் இரும்பு 0.05 மி.கி.-க்குள் இருக்க வேண்டும். பிஎச் எலக்ட்ரோடை அமிலத்தில் துடைத்துக் காலிபரேட் செய்யுங்கள். அந்தத் தொட்டியில் சுண்ணாம்புப் பொருக்கு எலக்ட்ரோடின் மேல் தினம் படியும், மீட்டரோ நிம்மதியாக 9 காட்டிக்கொண்டிருக்கும்.

படிகாரத்தின் தந்திரம் வேறு. அலுமினியம் மிகக் குறைவாகக் கரைவது பிஎச் 6 முதல் 6.8 வரையான இடத்தில். சாயக்கழிவு 8.5-இல் இருக்கும்போது படிகாரம் ஊற்றினால் ஒரு பகுதி அலுமினேட்டாகக் கரைந்தே போய்விடும், கலங்கல் மீட்டருக்கு அது தெரியாது. பிறகு கால்சியம் கார்பனேட் படியாமலிருக்க ஆர்ஓ முன்னால் அமிலம் விட்டு 6.5 ஆக்குகிறீர்கள். அதே இடத்தில் அலுமினியம் ஹைட்ராக்சைடு வெண்சளியாக மெம்பிரேன் மேல் பிறக்கிறது. திருத்தம்: அமிலத்தை உறைதலுக்கு முன்னால் கொண்டு வாருங்கள், அல்லது படிகாரத்தை விட்டுவிடுங்கள்.

அறிகுறி 5: எஸ்டிஐ 5-க்குக் கீழே வர மாட்டேன் என்கிறது

எஸ்டிஐ என்பது நீர் ஒரு வடிதாளை எவ்வளவு வேகமாக அடைக்கிறது என்ற குறியீடு. சோதனைக்கு 47 மி.மீ. விட்டமுள்ள 0.45 மைக்ரான் தாள், 2.07 பார் அழுத்தம். முதல் 500 மி.லி. எத்தனை விநாடி, 15 நிமிடம் ஓடிய பிறகு அடுத்த 500 மி.லி. எத்தனை விநாடி. முன்னதைப் பின்னதால் வகுத்து, 1-இலிருந்து கழித்து, 100-ஆல் பெருக்கி, 15-ஆல் வகுக்கவும். 30 விநாடி 48 விநாடியானால் எஸ்டிஐ 2.5. 15 நிமிடச் சோதனையில் கணக்குப்படி 6.67-க்கு மேல் வரவே முடியாது, அதனால் 6.5 என்று எழுதியிருந்தால் தாள் முழுக்க அடைத்தது என்று பொருள். 5 நிமிடச் சோதனைக்கு மாறுங்கள்.

எண்ணைவிடத் தாள் அதிகம் பேசும். பழுப்பாக இருந்து, ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வெளுத்தால் இரும்பு. தாள் நிறமற்று வழவழத்தால் பாலிமர் அல்லது உயிர்ச்சளி. தொட்டு முகருங்கள், சேற்று வாடை உயிர்ச்சளியின் அடையாளம். கருப்பு என்றால் சல்பைடு, அல்லது கரி வடிகட்டி உள்ள இடத்தில் கரித்தூள். தேதி எழுதி, தாள்களை ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள்.

யுஎஃப் நன்றாக இருந்தும் எஸ்டிஐ உயர்ந்தால், யுஎஃப்-க்கும் ஆர்ஓ-வுக்கும் நடுவில் உள்ள தொட்டியின் மூடியைத் திறங்கள். பச்சைப் பாசியோ சுவர்ச் சளியோ கண்ணில் படும். வெளிச்சம் புகும் தொட்டி, தங்கும் நேரம் அதிகம், ஹைப்போ மிச்சமில்லை. வடிகட்டிய நீரை அழுக்குத் தொட்டியில் ஊற்றி மறுபடி எடுப்பதுதான் நடந்துகொண்டிருக்கும்.

அறிகுறி 6: கார்ட்ரிட்ஜ் இரண்டு நாளில் அடைகிறது

பழையதைக் குப்பையில் போடுமுன் குறுக்கே அறுத்துப் பாருங்கள். மேல்தோல் மட்டும் அடைந்து உள்ளே வெள்ளையாக இருந்தால் பசை, அதாவது பாலிமர். அறிகுறி 3. உள்வரை நிறம் ஏறியிருந்தால் நுண்துகள். மணல் பரல் இருந்தால் மணல் வடிகட்டியின் அடி நாசில் உடைந்திருக்கிறது. மஞ்சள் முத்து போல இருந்தால் சாஃப்ட்னர் ரெசின்.

மணல் வடிகட்டியிலேயே துகள் தப்பினால், பேக்வாஷ் வேகத்தை அளங்கள். மணிக்கு 30 முதல் 40 மீட்டர் வேகம் வேண்டும், படுகை கால்வாசியாவது உயர வேண்டும். சாயக்கழிவில் பாலிமரும் மணலும் சேர்ந்து மண் உருண்டைகள் திரளும், நீர் அவற்றைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். மேன்ஹோலைத் திறந்து கையை விட்டால் உருண்டைகள் தட்டுப்படும். காற்றடிப்பு இல்லாமல் அவை உடையாது.

அறிகுறி 7: அழுகிய முட்டை வாடை, பிறகு பால் போன்ற கலங்கல்

பட்டறையில் சாயமேற்றப் போடும் குளோபர் உப்பு என்பது சோடியம் சல்பேட். காற்றில்லாத சமன் தொட்டியில் அது சல்பைடாக மாறும். அந்த சல்பைடு ஏரேஷனிலோ ஹைப்போவிலோ பாதி ஆக்சிஜனேற்றப்பட்டால் மிக நுண்ணிய கந்தகத் துகள், அதுதான் அந்தப் பால் நிறம். மணல் அதைப் பிடிக்காது. மேலும் ஹைப்போ ஊற்றினால் போகாது, சிக்கல்தான் கூடும். சமன் தொட்டியின் காற்றுக் குழாய்களில் எது அடைந்திருக்கிறது என்று பாருங்கள். மேற்பரப்பில் குமிழி வராத மூலைக்கு நேர் கீழே கருஞ்சேறு குவிந்திருக்கும். தொட்டிக்குள் ஆள் இறங்குவதாக இருந்தால் வாயு மீட்டர், காற்றோட்டம், மேலே ஆள், கயிறு எல்லாம் கட்டாயம். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும். வாடை இல்லை என்பதை வைத்து இறங்கக் கூடாது.

அறிகுறி 8: பெர்மியேட் (ஆர்ஓ தரும் நல்ல நீர்) ஓட்டம் கூடியது, உப்பும் கூடியது

ஓட்டம் கூடியதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. குளோரின் மெம்பிரேனின் பாலிஅமைடுப் படலத்தை அரித்துவிட்டது. 1 பிபிஎம் குளோரின் 200 முதல் 1000 மணி நேரம் பட்டால் சிதைவு தொடங்கும், நீரில் இரும்பு இருந்தால் இன்னும் வேகம். போனது திரும்பாது. இனி போகாமல் பார்க்க வேண்டியவை:

டிபிடி சோதனையில் (குளோரினை நிறத்தால் அளப்பது) நீரின் இளநிறம் எண்ணைக் குழப்பும். அதே மாதிரி நீரையே வைத்து மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள், வடிநீரை வைத்து அல்ல.

தனிக் குளோரின் மட்டும் அளந்தால் பூஜ்ஜியம் வரும், ஆபத்து ஒளிந்திருக்கும். யூரியா மிகையாகப் போட்ட நிலையத்தில் அம்மோனியா ஹைப்போவுடன் சேர்ந்து குளோரமின் ஆகிவிடும். அது மொத்தக் குளோரினில்தான் தெரியும். குளோரினைத் தீர்க்க ஊற்றும் மெட்டாபைசல்பைட் அதை நீக்க அதிக நேரமும் எடுத்துக்கொள்ளும்.

மெட்டாபைசல்பைட் கணக்கு: ஏட்டில் 1 மி.கி. குளோரினுக்கு 1.34 மி.கி., களத்தில் 3 மி.கி. வைத்துக்கொள்வது வழக்கம். மணிக்கு 50 கன மீட்டர், மொத்தக் குளோரின் 0.5 என்றால் மணிக்கு 75 கிராம், 10 சதவீதக் கரைசலில் 0.75 லிட்டர். இந்தக் கரைசல் ஒரு வாரத்தில் வலு இழக்கும். 2 சதவீதமாகக் கரைத்தால் மூன்றே நாள். டேங்க் நிரம்பியிருக்கிறது, பம்பும் அடிக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது வெறும் சல்பேட் நீர் என்ற நிலை தொடர் விடுமுறைக்குப் பின் சகஜம். இந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் அமிலத் தொட்டி இருந்தால் குழாய் மாறாமல் வண்ணம் அடியுங்கள். கலந்தால் சல்பர் டையாக்சைடு.

ஓஆர்பி மீட்டரை (நீரின் ஆக்சிஜனேற்றத் திறனைக் காட்டுவது) 175 முதல் 200 மில்லிவோல்ட்டுக்குள் வைத்து, 300-இல் ஆர்ஓ பம்ப் தானாக நிற்குமாறு இணையுங்கள். அலாரம் மட்டும் போதாது, இரவு ஷிஃப்டில் அலாரத்தை அமுக்கிவிடுவார்கள்.

அதற்காக மெட்டாபைசல்பைட்டை அள்ளி ஊற்றுவதும் தப்பு. ஆக்சிஜன் தீர்ந்த நீரில் சல்பேட் தின்னும் பாக்டீரியா வளரும், இங்கே சல்பேட்டுக்குப் பஞ்சமே இல்லை. டோஸிங் புள்ளியைக் கார்ட்ரிட்ஜுக்குப் பின்னால், ஸ்டாட்டிக் மிக்சருடன் வைத்தால் கார்ட்ரிட்ஜ் உறையாவது சளியில்லாமல் இருக்கும்.

அறிகுறி 9: ஆர்ஓ முதல் ஸ்டேஜில் அழுத்த வேறுபாடு ஏறுகிறது, உப்பு மாறவில்லை

உயிர்ச்சளி அல்லது கூழ்மத் துகள். முதல் மெம்பிரேனின் முகத்தைப் பாருங்கள். சுரண்டியதைத் தீயில் காட்டினால் முடி கருகும் வாடை வந்தால் உயிர்ச்சளி. வெப்பத்துக்குத் திருத்திய பிறகு அழுத்த வேறுபாடு 15 சதவீதம் கூடினாலோ ஓட்டம் 10 சதவீதம் குறைந்தாலோ காரக் கழுவல் போடுங்கள். அமிலத்தை முதலில் போட்டால் சளி இறுகிவிடும்.

டிபிஎன்பிஏ உயிர்க்கொல்லி போடுவதாக இருந்தால் அந்த அரை மணி நேரம் மெட்டாபைசல்பைட்டை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். நிறுத்தும் முன் ஹைப்போவை நிறுத்தி, மொத்தக் குளோரின் பூஜ்ஜியம் என்று உறுதி செய்யுங்கள். அந்த நேரம் ஓஆர்பி உயர்வாகக் காட்டும், அது குளோரின் அல்ல.

அறிகுறி 10: கடைசி ஸ்டேஜில் ஓட்டம் குறைகிறது, உப்பு கூடுகிறது

படிவு. மீட்பு (உள்நீரில் நல்ல நீராக வரும் பங்கு) 85 சதவீதம் என்றால் ரிஜெக்டில் (மிஞ்சும் உப்பு நீரில்) எல்லாம் 6.7 மடங்கு, 90 சதவீதம் என்றால் 10 மடங்கு. குளோபர் உப்பு நிறைந்த நீரில் கால்சியம் கொஞ்சம் தப்பினாலும் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்). கடைசி மெம்பிரேனின் வால்முனையில் சுரண்டி அமிலச் சொட்டு விடுங்கள். நுரைத்துக் கரைந்தால் கால்சியம் கார்பனேட், அமிலக் கழுவல் போதும். நுரைக்கவும் இல்லை, கரையவும் இல்லை என்றால் ஜிப்சம் அல்லது சிலிக்கா. ஜிப்சத்துக்குக் கார நிலையில் இடிடிஏ (கால்சியத்தைப் பிடித்துக் கரைக்கும் ரசாயனம்) வேண்டும், அதுவும் படிவு இளசாக இருக்கும்போது.

கால்சியம் எங்கிருந்து வந்தது? இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, சாஃப்ட்னர். உப்பு 5000-ஐத் தாண்டிய நீரில் வழக்கமான வன் அமில ரெசின் கடினத்தன்மையைக் கசியவிடும், நீரிலுள்ள சோடியமே ரெசினில் இடம் பிடிக்கப் போட்டி போடுகிறது. ரீஜெனரேஷனை (உப்புக் கரைசலால் ரெசினைப் புதுப்பிப்பது) எத்தனை முறை போட்டாலும் அந்தக் கசிவு நிற்காது. மென் அமில ரெசின், அல்லது சுண்ணாம்பு-சோடா முறைதான் வழி.

இரண்டு, அமிலமும் சுண்ணாம்பும் வரும் வரிசை. சாய நீரில் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கார்பனேட்தான் சுண்ணாம்பின் கால்சியத்தைப் பிடித்து அடியில் தள்ளும். சமன் தொட்டியிலேயே அமிலம் ஊற்றி பிஎச்-ஐ 7 ஆக்கினால் கார்பனேட் வாயுவாகப் போய்விடும். பிறகு நிறநீக்கத்தில் சுண்ணாம்பு போட்டால் கால்சியம் நீரிலேயே தங்கும். நிறநீக்கத்துக்கு முன்னும் பின்னும் கடினத்தன்மையை அளந்தால் தெரிந்துவிடும், பின்னால் கூடியிருக்கும். ஏரேஷனில் உயிரிகள் விடும் கார்பன் டையாக்சைடே பிஎச்-ஐ இறக்கும். உள்நீர் 9, 9.5 வரை இருந்தாலும், நாளுக்குக் கொஞ்சமாக அமிலத்தைக் குறைத்து, ஏரேஷன் தொட்டி 8.5-ஐத் தாண்டாதவரை குறைத்துக்கொண்டே போகலாம். அமிலச் செலவும் மிச்சம், ரிஜெக்டை வற்றவைக்கும் ஆவியாக்கியில் முடிவடையும் உப்பும் மிச்சம்.